வெளியிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கிலம் போடும் சிறுகோடு: நம்ம கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரைக்கும் எந்த ஊரை எடுத்தாலும் கடல் தாண்டிப் போனவர், போய்த் திரும்பியவர், அங்கிருந்து இங்கே வந்தவர் என்று யாராவது இருப்பார்கள். இவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டி வரும்போதுதான் சிக்கல். பயோடேட்டா, உதவித்தொகை விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, ஊர்ச் செய்தி, எதுவாக இருந்தாலும் 'இந்தியன்-பார்ன்', 'துபாய்-பேஸ்டு', 'ஃபாரின்-ரிட்டர்ன்டு' என்று நடுவில் ஒரு சிறுகோடு, அதாவது ஹைஃபன், போட்ட சொற்கள் வந்து நிற்கும். அதை எங்கே போடுவது, எதைப் போடுவது என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அந்த ஹைஃபன் அப்படி என்னதான் செய்கிறது?

இரண்டு சொல்லைக் கட்டி ஒரே அடைமொழி ஆக்குகிறது. நாம் 'இலங்கையில் பிறந்த நடிகர்' என்று சொல்வதை ஆங்கிலம் 'ஸ்ரீலங்கன்-பார்ன் ஆக்டர்' என்று சுருக்கிவிடும். நம் சொல்லில் 'இல்' இருக்கிறது, 'பிறந்த' என்ற பெயரெச்சம் இருக்கிறது, அதனால் எந்தக் கோடும் தேவையில்லை. ஆங்கிலத்தில் அந்த 'இல்' விழுந்துவிடுவதால், எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று காட்ட ஒரு கோடு வேண்டியிருக்கிறது. சுருக்கியதால் இன்னொன்றும் நடக்கிறது: ஆள் பிறந்தாரா, வாழ்கிறாரா, வம்சமா, திரும்பி வந்தாரா என்ற விவரம் முழுக்க கோட்டுக்குப் பின்னால் வரும் அந்த ஒற்றைச் சொல்லில்தான் இருக்கிறது. நம் ஆட்கள் ஊர்ப் பெயரைச் சரியாகப் போட்டுவிட்டு அந்தப் பின்சொல்லில்தான் தவறுகிறார்கள்.

பார்ன், ஆரிஜின், பேஸ்டு... எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதானே?

இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

'பார்ன்' என்றால் பிறந்த இடம், அவ்வளவுதான். பெற்றோர் யார், குடியுரிமை எது, எந்த மொழி பேசுகிறார் என்று அது எதையும் சொல்லாது. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1903இல் பீகாரில் உள்ள மோதிஹாரியில் பிறந்தவர், அவரை 'இந்தியன்-பார்ன்' என்று எழுதினால் தப்பே இல்லை. ஆனால் அவர் இந்திய வம்சாவளி கிடையாது. ரிஷி சுனக் இதற்கு நேர் எதிர். பிறந்தது இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில், பெற்றோர் பிறந்தது கிழக்கு ஆப்பிரிக்காவில், வேர் மட்டும் பஞ்சாபில். அவர் 'இந்தியன்-ஆரிஜின்', எந்த வழியிலும் 'இந்தியன்-பார்ன்' ஆக முடியாது. கமலா ஹாரிஸும் அப்படித்தான், தாய் சென்னையில் பிறந்தவர், அவர் பிறந்தது ஓக்லண்டில். சுந்தர் பிச்சைக்கோ இரண்டுமே பொருந்தும், மதுரையில் பிறந்தவர் என்பதால்.

'பேஸ்டு' என்றால் இப்போது இருந்து வேலை செய்யும் இடம். பிறப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கீழக்கரைப் பக்கம் சபராளி என்று சொல்கிறோமே, வெளிநாட்டில் சம்பாதித்துக்கொண்டு ஊருக்கு வந்து போகிறவர், அவருக்கு ஆங்கிலத்தில் மிக நெருங்கி வருவது இதுதான்: 'கல்ஃப்-பேஸ்டு', 'சிங்கப்பூர்-பேஸ்டு'. வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டால் அந்த நாளிலிருந்து இந்தச் சொல் அவருக்குச் செல்லாது. 'ரெய்ஸ்டு' அல்லது 'பிரெட்' என்றால் வளர்ந்த இடம். மலேசியாவில் பிறந்து நாலு வயதில் தேவிபட்டினத்துக்கு வந்துவிட்ட பிள்ளையை 'மலேஷியன்-பார்ன்' என்று மட்டும் எழுதி நிறுத்தினால் படிப்பவர் மனதில் வேறொரு ஆள் உருவாகிவிடும். 'தேவிபட்டினம்-ரெய்ஸ்டு' என்றும் சேருங்கள்.

'இந்தியன்-ஆரிஜின்' என்று எழுதுவது தப்பான ஆங்கிலம் என்கிறார்களே?

தப்பில்லை, நம் நாட்டுப் பழக்கம். 'இந்திய வம்சாவளி எம்பி' என்று தமிழ்ப் பத்திரிகை எழுதும் இடத்தில் இங்குள்ள ஆங்கிலப் பத்திரிகை 'இந்தியன்-ஆரிஜின் எம்பி' என்று எழுதுகிறது. இங்கிலாந்து, அமெரிக்க எழுத்தில் இந்த வடிவம் குறைவு, அவர்கள் பெயருக்குப் பின்னால் 'ஆஃப் இந்தியன் ஆரிஜின்' என்று நீட்டி எழுதுவார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் அந்த நீண்ட வடிவத்தைப் போடுங்கள், இங்கே நமக்குள் எழுதுவதற்குக் குட்டை வடிவமே போதும்.

எம்.ஜி.ஆர். ஸ்ரீலங்கன்-பார்னா, சிலோன்-பார்னா?

அவர் 1917இல் கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டியில் பிறந்தபோது அந்த நாட்டின் பெயர் சிலோன். ஸ்ரீலங்கா என்று மாறியது 1972இல். இன்றைய வாசகருக்கு இடம் புரிய வேண்டும் என்றால் 'ஸ்ரீலங்கன்-பார்ன்', வரலாற்றுக் கட்டுரை என்றால் 'சிலோன்-பார்ன்', இரண்டும் சரி. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள், அது போதும். தேயிலைக்கு மட்டும் பழைய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது, இன்றைக்கும் சிலோன் டீதான்.

'ஸ்ரீலங்கா-பார்ன்', 'ஸ்ரீலங்கன்-பார்ன்' இரண்டையும் பத்திரிகைகளில் பார்க்கலாம். நாட்டுக்கு அடைமொழி வடிவமும், ஊருக்கு ஊர்ப் பெயரும் போடுவது நல்ல பழக்கம்: 'ஸ்ரீலங்கன்-பார்ன்', ஆனால் 'ஜாஃப்னா-பார்ன்'.

எல்லையே நகர்ந்துவிட்டால்தான் உண்மையான சிக்கல். விஞ்ஞானி சுப்ரமணியன் சந்திரசேகர் தமிழர், பிறந்தது 1910இல் லாகூரில். லாகூர் இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கிறது என்பதற்காக அவரை 'பாகிஸ்தானி-பார்ன்' என்று யாரும் எழுதுவதில்லை, அவர் பிறந்தபோது அப்படி ஒரு நாடே இல்லை. 'லாகூர்-பார்ன்' என்று ஊரைப் போட்டுவிட்டால் தகராறு கிடையாது. நாட்டின் பெயரில் சந்தேகம் வந்தால் ஊருக்கு இறங்கிவிடுங்கள், ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

மண்டபம் முகாமில் பிறந்த பிள்ளையை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாகப் படகில் வந்து இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள். இராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் பிறந்த ஒரு பெண்ணைப் பற்றிப் பரிசுச் செய்தி எழுதும்போது, முகாம் என்றதுமே யோசிக்காமல் 'ஸ்ரீலங்கன்-பார்ன்' என்று போட்டுவிடுகிறார்கள். அவள் இலங்கை மண்ணை மிதித்ததே இல்லை. 'இந்தியன்-பார்ன்' என்பதுதான் உண்மை.

சரி, அப்படி எழுதினால் அவள் இந்தியக் குடிமகள் என்று ஆகிவிடாதா? ஆகாது. இங்கேதான் பார்ன் என்ற சொல்லையும் சட்டத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நம் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தால், மிகச் சில விதிவிலக்குகள் போக, பிறப்பாலேயே குடியுரிமை. அதன் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும், 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகிவிட்டது. ஆகவே ஒருவர் முழுக்க முழுக்க 'இந்தியன்-பார்ன்' ஆக இருந்தும் குடியுரிமை இல்லாமல் இருக்கலாம். பிறப்பைச் சொல்வது பொய்யாகாது, குடியுரிமை என்று எழுதினால்தான் பொய்.

அப்படியானால் எப்படி எழுதுவது? என் யோசனை, முதலில் அந்தப் பெண்ணையே கேளுங்கள். பிறகு அவளுடைய செயலை முன்னால் வையுங்கள். 'ஸ்ரீலங்கன் ரெஃப்யூஜி கேர்ள் முதல் இடம்' என்பதற்குப் பதிலாக 'மண்டபம் மாணவி முதல் இடம்' என்று தலைப்புப் போட்டுவிட்டு, குடும்பம் எப்போது, ஏன் வந்தது என்பதைக் கீழே ஒரு முழு வாக்கியமாக எழுதலாம், அதுவும் செய்திக்குத் தேவைப்பட்டால் மட்டும். தமிழக அரசே 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அரசு விட்ட சொல்லை நாம் ஒரு பள்ளிப் பிள்ளையின் பெயருக்கு முன்னால் கட்டித் தொங்கவிட வேண்டுமா?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் இதே வகையா?

இல்லை, அவர்கள் கதை வேறு. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி, அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதாகவும் முடிவானது. மீதி 1,50,000 பேரின் கதி 1974இல்தான் பாதிக்குப் பாதி என்று தீர்ந்தது. இப்படி வந்தவர்கள் தாயகம் திரும்பியோர், இந்தியக் குடிமக்கள், அகதிகள் அல்ல. ஆங்கிலத்தில் 'ரீபேட்ரியேட்'.

ஆனால் யோசித்துப் பாருங்கள், அவர்களில் பெரும்பாலோர் பிறந்தது லயம் என்று சொல்லும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில். பாட்டனோ பூட்டனோ ஒரு காலத்தில் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்துவிட்டு, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியவர். 'திரும்பி' வந்தவர் ஒரு நாளும் இங்கிருந்து போனதில்லை. இவர்களை 'ஸ்ரீலங்கன்-பார்ன்' என்றாலும் சரி, 'இந்தியன்-ஆரிஜின்' என்றாலும் சரி, இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் வரும், இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். இலங்கைக் கணக்கெடுப்பில் நெடுங்காலம் இவர்கள் 'இந்தியன் தமிழ்', இங்கே வந்தால் ஊரார் வாயில் 'சிலோன்காரர்'. இரண்டு கரையிலும் அடுத்த கரையின் பெயரால் அழைக்கப்பட்ட மக்கள். அங்கேயே தங்கியவர்கள் இன்று தங்களை மலையகத் தமிழர் என்று சொல்லிக்கொள்கிறார்கள், எழுதும்போது அதையே எழுதுவதுதான் மரியாதை.

கல்யாணப் பத்திரிகையில், பயோடேட்டாவில் 'ஃபாரின்-ரிட்டர்ன்டு' போடலாமா?

பத்திரிகையில் தாராளமாகப் போடுங்கள், படிக்கப்போவது நம் சொந்தபந்தம்தான். இது இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்ட சொல்.

வேலைக்கான பயோடேட்டாவில் வேண்டாம். வெளிநாட்டு மேலாளர் 'ரிட்டர்ன்டு' என்று பார்த்தால் திருப்பி அனுப்பப்பட்டவர் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. 'கல்ஃப்-ரிட்டர்ன்டு எலக்ட்ரீஷியன்' என்று எழுதும் இடத்தில் எத்தனை வருடம், எந்த நாடு, என்ன வேலை என்பதை வரிசையாக எழுதுங்கள்: 'எலக்ட்ரீஷியன், கத்தாரில் கட்டுமானப் பணியில் ஆறு வருட அனுபவம், இப்போது கீழக்கரையில்'. வேலை கொடுப்பவருக்கு வேண்டியது இதுதான். போனது வந்தது அவருக்குத் தேவையில்லை.

அமெரிக்கப் படிவத்தில் 'ஃபாரின்-பார்ன்' என்றால் வெளிநாட்டில் பிறந்தவர் என்றுதானே?

சொல் அப்படித்தான் இருக்கிறது, கணக்கெடுப்பில் பொருள் கொஞ்சம் வேறு. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை, பிறக்கும்போதே அமெரிக்கக் குடியுரிமை இல்லாத எல்லோரையும் 'ஃபாரின்-பார்ன்' என்று கணக்கிடுகிறது. பின்னால் குடியுரிமை வாங்கியிருந்தாலும் அந்தப் பட்டியலில்தான். அதே சமயம், அமெரிக்கப் பெற்றோருக்கு இராமநாதபுரத்தில் ஒரு குழந்தை பிறந்து பிறக்கும்போதே அந்த நாட்டுக் குடியுரிமையும் வந்துவிட்டால் அது 'ஃபாரின்-பார்ன்' இல்லை. ஆகவே அரசாங்கப் படிவம் என்றால் அகராதியைப் பார்க்காதீர்கள், படிவத்தின் கீழே உள்ள விளக்கத்தைப் படியுங்கள். நம்மூர் 'நான்-ரெசிடென்ட்' சொல்லும் அப்படித்தான், வரிக் கணக்கில் அது நீங்கள் எத்தனை நாள் இங்கே தங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் யாருடைய குடியுரிமையும் போய்விடுவதில்லை.

'இந்தியன்-அமெரிக்கன்' என்பதில் ஹைஃபன் இப்போது கூடாதாமே?

பல இடங்களில் எடுத்துவிட்டார்கள். அதற்கு ஒரு வலி நிறைந்த வரலாறு இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன், ஐரிஷ் வம்சாவளி அமெரிக்கர்களை 'ஹைஃபன் போட்ட அமெரிக்கர்கள்' என்று இழிவாகச் சொன்னார்கள். 1915இல் தியோடர் ரூஸ்வெல்ட் இந்த நாட்டில் ஹைஃபன் அமெரிக்கத்தனத்துக்கு இடமில்லை என்று மேடையில் பேசினார். 1919இல் உட்ரோ வில்சன் இன்னும் மேலே போய், ஹைஃபனைத் தூக்கித் திரிகிறவன் நாட்டின் உயிர்நிலையில் குத்தத் தயாராக ஒரு குத்துவாளைத் தூக்கித் திரிகிறான் என்றார். ஒரு சின்னக் கோடு, அதை வைத்து ஒரு மனிதனின் விசுவாசத்தையே சந்தேகித்தார்கள். 2019இல் அமெரிக்காவின் ஏபி செய்தி நிறுவனம் தன் நடைக் கையேட்டில் இத்தகைய இரட்டை அடையாளப் பெயர்களில் ஹைஃபன் வேண்டாம் என்று முடிவு செய்தது. ஆகவே 'இந்தியன் அமெரிக்கன்' என்று இடம் விட்டு எழுதுங்கள். சொல் வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள், 'அமெரிக்கன் இந்தியன்' என்றால் அந்த மண்ணின் பூர்வகுடிகள்.

'இந்தியன்-பார்ன்' போன்றவற்றில் ஹைஃபன் அப்படியேதான் இருக்கும், அது இலக்கணத்துக்கான கோடு.

பொருட்களுக்கும் இதே விதியா?

ஆமாம், அங்கே இன்னும் தெளிவாக வேலை செய்யும். பாம்பன் பழைய ரயில் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலுக்கு வழிவிட நடுவில் இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழும்பிய அந்தப் பகுதிக்கு ஷெர்சர் என்று பெயர், வில்லியம் ஷெர்சர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த முறை. இரும்பைச் செய்து அனுப்பியது இங்கிலாந்தின் ஹெட் ரைட்சன் நிறுவனம். 1914இல் திறந்த நாள் முதல் நம் ஆட்கள்தான் இரண்டு பக்கமும் நின்று கம்பியைப் பிடித்து வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தள்ளி அதைத் தூக்கினார்கள், மோட்டார் கிடையாது. ஆங்கிலத்தில் எழுதினால் 'அமெரிக்கன்-டிசைன்டு, பிரிட்டிஷ்-மேடு'. அதோடு நிறுத்தாமல் 'ஹேண்ட்-ஆபரேட்டடு' என்றும் சேருங்கள், வெயிலில் நின்று தள்ளிய கைகளுக்கும் அந்த வரியில் இடம் வேண்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமும் ஒரே நாட்டுச் சரக்கு கிடையாது, தூக்குப் பகுதியின் வடிவமைப்பு ஸ்பெயின் நிறுவனத்துடையது, கட்டியது இந்தியா.

சீமைக்கருவேலம் மாதிரி செடிகொடிகளுக்கு?

தமிழில் முன்னால் 'சீமை' என்று போட்டால் முடிந்தது: சீமைக்கருவேலம், சீமை எண்ணெய், சீமை ஓடு. சேதுச்சீமை என்று நம் மண்ணுக்கே பெயராக இருந்த சொல், வெளிநாட்டுச் சாமானுக்கும் அடையாளமாகிவிட்டது.

ஆங்கிலத்தில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். 'நான்-நேட்டிவ்' என்றால் இந்த இடத்தைப் பூர்வீகமாகக் கொண்டதல்ல, அவ்வளவுதான். 'இன்வேசிவ்' என்றால் பரவி மற்றதை அழிக்கிறது என்ற குற்றச்சாட்டும் சேர்ந்து வரும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலத்துக்கு இரண்டுமே பொருந்தும், ஆனாலும் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் இந்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பம் அடுப்பெரிக்கிறது. பிலிப்பைன்ஸைப் பூர்வீகமாகக் கொண்ட கப்பாஃபைகஸ் பாசியும் அப்படித்தான். மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் மூங்கில் மிதவை கட்டி அதை வளர்த்துப் பிழைக்கிறார்கள், அதே பாசி குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மிதவையைப் பற்றி எழுதும்போது 'நான்-நேட்டிவ்', பவளப்பாறையைப் பற்றி எழுதும்போது 'இன்வேசிவ்' என்று நான் எழுதுவேன்.

சின்னச் சின்னச் சந்தேகங்கள்: ஹைஃபன் எங்கே வராது?

'லோக்கலி மேடு', 'நியூலி அரைவ்டு' மாதிரி 'லி' என்று முடியும் வினையடைக்குப் பின் கோடு வராது, நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. 'தமிழ்நாடு' ஆங்கிலத்தில் இரண்டு சொல் என்றாலும் கடைசிச் சொல்லோடு மட்டும் ஒரு கோடு போதும்: 'தமிழ் நாடு-பார்ன்'. அப்புறம், அடைமொழி பெயருக்குப் பின்னால் போய்விட்டால் பெரும்பாலும் கோடே வேண்டாம், 'ஷி வாஸ் பார்ன் இன் கீழக்கரை' என்று முழு வாக்கியமாகவே எழுதிவிடலாம்.

முண்டு மிளகாய் ஏற்றுமதி லேபிளில் என்ன போடுவது?

மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். இருந்தாலும் 2023இல் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. 'ராமநாதபுரம்-க்ரோன்' என்று போடுங்கள். புவிசார் பெயரை மட்டும் பதிவில் உள்ள எழுத்துப்படியே எழுத வேண்டும், அதற்குள் உங்கள் இஷ்டத்துக்கு ஹைஃபன் சேர்க்கக் கூடாது. அந்தப் பெயரைப் பயன்படுத்த அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்கவும் வேண்டும், லேபிள் அச்சுக்குப் போகும் முன் அதை முடித்துவிடுங்கள்.